மதிப்பு: 5 ரூபாய் 32 காசு

பி.காம். படித்தவனிடம் பழைய காரைப் பற்றிப் பேசாதீர்கள். அவன் காதில் 'கார்' என்று விழுந்தவுடன் மனசுக்குள் 'தேய்மானம்' என்று ஒரு மணி அடிக்கும். மூன்று வருஷம் காலேஜில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். கட்டடம் தேயும், நாற்காலி தேயும், கார் இன்னும் கொஞ்சம் வேகமாகத் தேயும். வருமான வரிக்காரர்கள் சாதாரணக் காருக்கு வருஷத்துக்கு 15 சதவீதம் கழித்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. அந்த 15 சதவீதம் வாங்கின விலையில் இல்லை. போன வருஷம் மிச்சமிருந்த மதிப்பில். பாடப் புத்தகத்தில் இதற்குக் 'குறைந்து செல் மதிப்பு முறை' என்று பெயர். குறைந்துகொண்டே போகும், ஆனால் எத்தனை யுகம் ஆனாலும் பூஜ்யம் மட்டும் ஆகாது. காமர்ஸ் படிப்பில் எனக்குத் தெரிந்து கவிதை மாதிரி இருக்கும் விஷயம் இது ஒன்றுதான்.

எங்கள் பெரியப்பாவின் அம்பாசடரை இந்த முறையில் போட்டுப் பார்த்தேன். 1972 மாடல், மார்க் டூ. என்ன விலைக்கு வாங்கினார் என்று பெரியம்மாவுக்கே ஞாபகமில்லை. 'நாலு வெள்ளாமைக் காசு' என்பதுதான் அவர் சொல்கிற தொகை. பேச்சுக்கு 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது வருஷத் தேய்மானம் போனால் மிச்சம் 5 ரூபாய் 32 காசு. தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடிக்கப் பற்றாது.

இந்த 5 ரூபாய் 32 காசுக்காகத்தான் எங்கள் குடும்பத்தில் இதுவரை மூன்று பஞ்சாயத்து நடந்திருக்கிறது.

கார் நின்ற இடத்தைச் சொல்லவேண்டும். பாலக்கோட்டிலிருந்து மாரண்டஅள்ளி போகிற வழியில் எங்கள் ஊர். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு புளியமரம். ராத்திரியில் புளியமரத்தடியில் படுக்கக்கூடாது என்பார்கள். இந்தக் கார் பதினோரு வருஷம் படுத்திருந்தது. பெரியப்பா காலமானதற்கு மறுநாள் அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. அப்புறம் யாரும் சாவியைத் தொடவில்லை. இலை விழுந்தது, பழம் விழுந்தது, பின் சீட்டில் கோழி அடைகாத்தது. ஒரு நாள் பழைய இரும்புக்காரர் வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கிலோ கணக்குல எடுத்துக்கறேம்மா" என்றார். பெரியம்மா அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். ஆனால் செய்தி பெங்களூருக்குப் போய்விட்டது. அங்கே என் அண்ணன், அதாவது பெரியப்பா மகன், கம்ப்யூட்டர் உத்தியோகத்தில் இருக்கிறான். நாற்பதைத் தாண்டிய கம்ப்யூட்டர்காரர்களுக்கு இரண்டு வியாதிகளில் ஒன்று வருகிறது: இயற்கை விவசாயம், அல்லது பழைய கார். இவனுக்கு இரண்டாவது.

மறு வாரமே செல்போனில் படங்கள் வர ஆரம்பித்தன. அம்பாசடர்தான், ஆனால் பார்த்தால் பயமாக இருக்கும். கறுப்பு மேட் பெயிண்ட். 17 அங்குல அலாய் சக்கரம். தரையோடு தரையாக இறக்கின முன்பக்கம். (அம்பாசடருக்கு முன்னால் டார்ஷன் பார். அதைத் திருகி வண்டியை இறக்குவது சுலபம். இறக்கின வண்டியை எங்கள் ஊர் வேகத்தடை மேல் ஏற்றுவதுதான் சிரமம்.) உள்ளே நான்கு தனிச் சீட்டு, ஏ.ஸி., டச் ஸ்கிரீன், நவீன எஞ்சின். கீழே அண்ணன் எழுதியிருந்தான்: 'அப்பா வண்டியை இப்படிப் பண்ணப்போறேன்!'

பெரியம்மா படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "இதுல உங்கப்பா வண்டி எங்கடா இருக்குது?" என்றார்.

நியாயமான கேள்வி. அந்த வண்டி எங்களுக்குச் செய்ததெல்லாம் கொஞ்சமில்லை. சுற்று வட்டாரத்தில் பிரசவ வலி என்றால் ராத்திரி இரண்டு மணிக்கு எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். கல்யாண மாப்பிள்ளைகள் எத்தனை பேர் அதில் ஊர்வலம் போனார்கள் என்று கணக்கு இல்லை. ஒகேனக்கலுக்கு ஒரு ஆடிப் பதினெட்டுக்கு நாங்கள் பதினோரு பேர் அதில் போனோம். சாப்பாட்டு அடுக்கு பன்னிரண்டாவது ஆள். சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதிக்கும். பெரியப்பா ஓரம் கட்டி, பானெட்டைத் தூக்கிவைத்து, டிக்கியில் தயாராக இருக்கும் தண்ணீர் கேனை எடுத்துக்கொண்டு, உடனே ஊற்றாமல் ஒரு பீடி முழுசாக முடியும்வரை காத்திருப்பார். அதுதான் சரியான முறை. சூடான எஞ்சினில் அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினவர்கள் சிலிண்டர் ஹெட்டை உடைத்துக்கொண்டார்கள். பீடியினால் ஒரு எஞ்சின் பிழைத்தது என்று மருத்துவர்கள் யாரும் எழுதமாட்டார்கள்.

அம்பாசடர் எங்கிருந்து வந்தது என்று இளைஞர்களுக்காக இரண்டு வரி. இங்கிலாந்தில் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை என்று ஒரு கார். அதன் அச்சுகளை வாங்கி வந்து மேற்கு வங்கத்தில் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் கடைசியில் செய்ய ஆரம்பித்தார்கள். முகத்தைக் கொஞ்சம் மாற்றி மார்க் டூ, 1975-ல் மார்க் த்ரீ, 1979-ல் மார்க் ஃபோர். மற்றபடி உடம்பு அதே உடம்பு. 2014 மே மாசம் நிறுத்தினார்கள். இத்தனை வருஷம் மாறாமல் இருந்ததைச் சிலர் கேலி செய்கிறார்கள். ஆனால் அதனால்தான் இன்றைக்கும் சென்னை புதுப்பேட்டையிலும் பெங்களூர் ஜே.சி. ரோடிலும் பாகம் கிடைக்கிறது.

முதல் பஞ்சாயத்தில் அண்ணனின் ஏ.ஸி., அலாய், நவீன எஞ்சின் எல்லாம் தோற்றன. தோற்கடித்தது பெரியம்மா மட்டுமில்லை, சட்டமும்தான். அதைப் படித்துச் சொல்கிற பொறுப்பு குடும்பத்தில் வேலைவெட்டி குறைந்த ஆளான எனக்கு வந்தது. (பத்திரிகைக்கு எழுதுவதை எங்கள் வீட்டில் வேலை என்று ஒத்துக்கொள்வதில்லை.)

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-வது பிரிவு. கம்பெனிக்காரன் கொடுத்த விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் அதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. அதே வருஷம் வந்த திருத்தச் சட்டப்படி அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாசம் வரை ஜெயில், அல்லது இரண்டும். அண்ணனின் பட்டியலில் பெயிண்டையும் டச் ஸ்கிரீனையும் தள்ளிவிட்டால்கூட ஐந்து தேறியது. பெருக்கிக் காட்டினேன். பெங்களூர் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

அப்புறம், "அப்போ விண்டேஜ் பண்ணிடலாம்டா!" என்றான்.

இதுவும் உண்மையிலேயே இருக்கிற விஷயம்தான். 2021 ஜூலையில் மத்திய அரசு பழைய வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதலில் பதிவாகி ஐம்பது வருஷம் தாண்டியிருக்கவேண்டும். சொந்த உபயோக வண்டியாக இருக்கவேண்டும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், அப்புறம் புதுப்பிக்க 5,000. நம்பர் பலகையில் மாநில எழுத்துக்குப் பிறகு 'வி.ஏ.' என்று வரும். ஏற்கெனவே நம்பர் உள்ள வண்டி என்றால் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். அண்ணனுக்கு இதைப் படித்ததும் தலைகால் புரியவில்லை. ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லியும்விட்டான்.

நான் அடுத்த வரியைப் படித்தேன். வண்டி அசல் வடிவத்தில் இருக்கவேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

இங்கேதான் பெரியப்பா குறுக்கே வந்தார்.

1994-ல் பெட்ரோல் செலவு தாங்காமல், தர்மபுரியில் ஒரு பட்டறையில் விட்டு, 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, மாட்டடார் வேனின் டீசல் எஞ்சினை உள்ளே உட்காரவைத்தார் அவர். அந்தக் காலத்தில் இது ரொம்பச் சாதாரணம். எங்கள் பக்கத்தில் ஓடின அம்பாசடர்களில் பாதிக்கு இந்த இருதய மாற்று சிகிச்சை நடந்திருக்கும். சிகிச்சை நடக்காதவை அந்தச் சமயத்திலேயே காயலான் கடைக்குப் போய்விட்டன. பெட்ரோல் போட்டு யார் மாளுவது? அத்தோடு டாஷ்போர்டில் ஒரு குட்டி ஃபேன், டேப் ரெக்கார்டர், பின்கண்ணாடிக்குத் திரை, லாரிக்காரர்கள் வைப்பது மாதிரி ஹாரன். மாற்றியமைப்பது என்பது ஏதோ இப்போது வந்த பொழுதுபோக்கு என்று நினைக்கிறார்கள். பெரியப்பா அந்தப் பொழுதுபோக்கில் என் அண்ணனுக்கு அப்பா.

எஞ்சின் மாற்றினதை ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றினாரா? இல்லை. அதில் இன்றைக்கும் பழைய பெட்ரோல் எஞ்சின் நம்பர்தான். இதோடு அடுத்தடுத்து எப்படிப் புதுப்பித்துக்கொண்டு வந்தார் என்று கேட்காதீர்கள். அவர் நல்ல மனிதர், காலமாகிவிட்டார்.

ஆக நிலைமை இதுதான். விண்டேஜ் பலகை வேண்டுமென்றால் பெட்ரோல் எஞ்சின் வேண்டும். அது வேண்டாம், சாதாரணமாகப் பதிவைப் புதுப்பித்து ஓட்டுவோம் என்றாலும் ஆர்.சி.யில் இருக்கிற நம்பர் வண்டியில் இருந்தாகவேண்டும். எந்தப் பக்கம் போனாலும் 1994-ல் கழற்றின எஞ்சின் குறுக்கே நிற்கிறது. அது எங்கே?

இரண்டாவது பஞ்சாயத்தில் இதைக் கேட்டபோது பெரியம்மா வெகு சாதாரணமாக, "மாட்டுக் கொட்டாய்ல இருக்குது, போய்ப் பாரு" என்றார். போய்ப் பார்த்தேன். சாணம் மெழுகின தரையில் பாதி புதைந்து ஒரு இரும்புத் தேர். அதில் கயிறு போட்டுக் கன்றுக்குட்டி கட்டியிருந்தது. முப்பது வருஷமாக அந்த வீட்டில் பிறந்த கன்றுகளெல்லாம் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வடிவமைத்த எஞ்சினில்தான் கட்டப்பட்டு வளர்ந்திருக்கின்றன. "முளைக்குச்சியைப் புடுங்கிக்கிட்டு ஓடிடுதுங்க. இதை ஒண்ணும் அசைக்க முடியல" என்று விளக்கம் வேறு.

கழுவி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, டார்ச் அடித்து நம்பரைப் படித்தோம். ஆர்.சி.யோடு ஒத்துப்போனது. அண்ணன் போனில் அழுதுவிட்டான் என்று நினைக்கிறேன். சிக்னல் சரியில்லை, உறுதியாகச் சொல்லமுடியாது.

தர்மபுரியில் எங்களுக்கு ஒரு மேஸ்திரி கிடைத்தார். வயசு எழுபதுக்கு மேல். கார்புரேட்டர் கார் மட்டும்தான் பார்ப்பார். கம்ப்யூட்டர் வைத்த காரை, "அது டி.வி. ரிப்பேர்காரர் வேலை தம்பி" என்று திருப்பி அனுப்பிவிடுவார். எஞ்சினைப் பிரித்துப் பார்த்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினார். "வெளியில கன்னுக்குட்டி, உள்ளார துரு. இதை ஏற்கெனவே ஒரு தடவை போர் அடிச்சிருக்காங்க. மறுபடி அடிச்சா சுவரு மெலிஞ்சிரும். ஸ்லீவ் போட்டுத்தான் ஆகணும்." அதாவது சிலிண்டரைக் குடைந்து, உள்ளே புதுசாக ஒரு இரும்புக் குழாயை இறுக்கி இறக்கி, அதைப் பழைய அளவுக்கே கடைந்துவிடுவது. சேலத்தில் ஒரு லேத் பட்டறைக்குப் போனது. கிராங்க் கிரைண்டிங், புது பேரிங், வால்வு சீட் எல்லாம் அங்கேயே.

வால்வு சீட்டுக்குத் தனியாக ஒரு கதை இருக்கிறது. 1972-ல் பெட்ரோலில் ஈயம் கலந்திருக்கும். அது வால்வு உட்காருகிற இடத்தில் ஒரு மெத்தை மாதிரி படிந்து தேயாமல் காக்கும். 2000-த்தில் இந்தியா முழுக்க ஈயத்தை எடுத்துவிட்டார்கள். மூச்சு விடுகிற நமக்கு நல்லதுதான். பழைய எஞ்சினுக்குத்தான் கெட்டி சீட் போடவேண்டியிருக்கிறது. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது பழைய ரப்பரைத் தின்றுவிடும் என்று மேஸ்திரி பெட்ரோல் குழாய், பம்ப் டயஃப்ரம் எல்லாவற்றையும் புது ரகமாக மாற்றச் சொன்னார். அசலாக வைத்திருக்கிறேன் என்று எவர் சொன்னாலும் கொஞ்சம் சிரித்துக்கொள்ளுங்கள். அசல் பெட்ரோலே இப்போது கிடையாது.

எஞ்சின் சேலத்தில் இருந்த மாசங்களில் பாடி வேலை. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் ஷெட்டில்தான். அம்பாசடருக்குத் தனியாக சேஸிஸ் கிடையாது. தரையும் பக்கவாட்டுப் பெட்டியும்தான் முதுகெலும்பு. புளிய இலையும் ஈரமும் சேர்ந்து அதைத்தான் தின்றிருந்தன. டிங்கர் தரையைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார். டங் டங் என்று கேட்டால் இரும்பு, டொப் டொப் என்றால் பட்டி. பல இடத்தில் டொப். முன்னொரு காலத்தில் யாரோ ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்து, மேலே பெயிண்ட் அடித்துக் காசு வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். வெட்டி எடுத்து, புதுத் தகடு வளைத்து, ஓரமாகப் பற்றவைத்து, மறுபடி தட்டி... இதை எழுத ஒரு வரிதான். செய்ய நான்கு மாசம் ஆனது.

அதே ஷெட்டில் பக்கத்துப் படுக்கை நோயாளியாக ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நின்றது. அதன் கதையைச் சொல்லாமல் போனால் பாவம் சேரும். ஏனென்றால் அது நம் ஊர்க் கார். சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் 1961-லிருந்து செய்தார்கள். இங்கிலாந்தில் அதற்கு டிரையம்ஃப் ஹெரால்டு என்று பெயர். உருவம் கொடுத்தவர் மிக்கலாட்டி என்ற இத்தாலிக்காரர். நான்கு கதவு வைத்த ஹெரால்டு உலகத்திலேயே இந்தியாவில் மட்டும்தான் வந்தது. பிறகு 1970களில் கெஸல் என்று பெயர் மாறி, மறைந்துபோனது.

அதன் பாடியைத் துண்டு துண்டாகப் போல்ட்டைக் கழற்றி எடுத்துவிடலாம். கீழே தனி சேஸிஸ். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டோடு சேர்ந்து மொத்த மூஞ்சியும் முன்னால் கவிழும். எஞ்சினைச் சுற்றி நின்று, டயர் மேல் உட்கார்ந்துகூட வேலை பார்க்கலாம். 25 அடிக்குள் வட்டமடித்துத் திரும்பும். எதற்காக இப்படி வடிவமைத்தார்கள்? பெருந்தன்மையால் இல்லை. அவர்களுக்குப் பாடி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனியை 1953-ல் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வாங்கிவிட்டது. அதாவது மாரிஸின் தாய்க் கம்பெனி. நம் அம்பாசடரின் பாட்டி வீடு. போட்டிக்காரனுக்குப் புது பாடி அடித்துத் தர மாட்டேன் என்றாகிவிட்டது. வேறு வழியில்லாமல் சின்னச் சின்னப் பட்டறைகளில் துண்டுகளாகச் செய்து சேர்க்கிற மாதிரி ஹெரால்டை வரைந்தார்கள். அன்றைக்கு அந்த மாமியார் செய்த கொடுமையால், இன்றைக்குத் தர்மபுரியில் ஹெரால்டுக்காரர் துருப்பிடித்த துண்டை மட்டும் கழற்றி மாற்றிவிட்டுப் போகிறார். அம்பாசடர்காரர்களான நாங்கள் தரையைத் தட்டிக்கொண்டிருக்கிறோம்.

நடுவில் அண்ணன் ஊக்கம் பெறுவதற்காக என்னைக் கோயம்புத்தூர் அழைத்துப்போனான். அவிநாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு குடும்பத்தார் 2015-ல் திறந்த கார் மியூசியம். கண் கூசும். சென்னையில் ஏவி.எம். ஸ்டூடியோவிலும் 2023-ல் அப்படி ஒன்று திறந்திருக்கிறார்கள். நல்ல காரியம், அவசியம் போய்ப் பாருங்கள். ஆனால் அங்கே நடந்துகொண்டிருந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. விண்டேஜ் விதி இந்தக் கார்களை மனசில் வைத்து எழுதப்பட்டது. கூரைக்குக் கீழே, துணி போர்த்தி, டிரைவர் வைத்துத் துடைக்கப்பட்ட கார்கள் அசலாக இருக்க முடியும். எங்கள் மாவட்டத்தில் ஒரு கார் ஐம்பது வருஷம் உயிரோடு இருக்கிறது என்றால், அதை யாரோ எதையோ மாற்றியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். மாற்றாத கார் செத்துப்போயிருக்கும். இங்கிலாந்தில் நாற்பது வருஷம் தாண்டின காருக்கு வருடாந்தரச் சோதனையிலிருந்து விலக்குத் தருகிறார்கள். அங்கேயும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாதுதான், ஆனால் கடந்த முப்பது வருஷத்துக்குள் செய்ததா என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு முந்தி செய்தது சரித்திரக் கணக்கில் போய்விடும். அந்தக் கணக்கில் பெரியப்பாவின் 1994 வேலை 2024-லேயே மன்னிக்கப்பட்டுவிட்டது. நம்மூரில் அப்படி ஒரு வரி எழுத யாருக்கும் தோன்றவில்லை.

விண்டேஜ் விதியின் கடைசிப் பகுதியை நான் மூன்றாவது பஞ்சாயத்தில் வாசித்தேன். அப்படிப் பதிவான வண்டியை அன்றாடம் ஓட்டக்கூடாது. கண்காட்சி, விண்டேஜ் கார் ஊர்வலம், தொழில்நுட்ப ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க. அவ்வளவுதான்.

பெரியம்மா புரியாமல் கேட்டார். "அப்போ குலதெய்வம் கோயிலுக்கு?"

"போகக்கூடாது பெரியம்மா."

"யாருக்காச்சும் அவசரம்னா, தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு?"

"ம்ஹூம்."

"பெட்ரோல் மட்டும் போடலாமா?"

"போடலாம்."

"எதுக்குடா போடணும்?"

அந்தக் கேள்வியோடு அண்ணனின் 'வி.ஏ.' பலகைக் கனவு முடிந்தது. சாதாரணப் புதுப்பிப்பு என்று தீர்மானமானது. 2022 ஏப்ரல் வரை 600 ரூபாயாக இருந்த கட்டணம் 5,000 ஆயிற்று; 2025 ஆகஸ்டிலிருந்து இருபது வருஷம் தாண்டின காருக்கு 10,000. தாமதத்துக்கு மாசக் கணக்கில் தனி, பசுமை வரி தனி. செலவுக் கணக்கை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன். மொத்தத்தைச் சொல்லமாட்டேன். 5 ரூபாய் 32 காசு சொத்துக்கு இத்தனை செலவு செய்தவர்கள் என்று எந்த ஆடிட்டராவது எங்களைப் பார்க்க வந்துவிடுவார்.

எஞ்சின் திரும்பி வந்து, ஏற்றி, முதல் தடவை ஸ்டார்ட் செய்த அன்றைக்குப் பெரியம்மாவை ஷெட்டுக்கு அழைத்துவந்தோம். எனக்கும் அண்ணனுக்கும் உள்ளுக்குள் ஒரு பயம். எங்களுக்குத் தெரிந்த அம்பாசடர் சத்தம் டீசல் சத்தம். ஏரிக்கரை முனையில் அந்தக் கடகடப்பு கேட்டால் பெரியம்மா சோற்றுப் பானையை இறக்குவார்; வண்டி வாசலில் நிற்கும்போது இலை போட்டிருக்கும். அந்தச் சத்தத்தை எடுத்துவிட்டோமே, சட்டத்துக்காகப் பெரியப்பாவையே கழற்றி வைத்துவிட்டோமோ என்று அண்ணன் இரண்டு நாளாகத் தூங்கவில்லை.

மேஸ்திரி சோக்கை இழுத்து, சுவிட்சை இழுத்தார். இரண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. மெத்தென்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்று பேசினால் பேச்சு கேட்கிறது.

பெரியம்மா கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். அப்புறம் அண்ணனைப் பார்த்து, "நீ பொறக்கறப்போ இந்தச் சத்தத்துலதான்டா ஆஸ்பத்திரிக்குப் போனேன். நடுவுல உங்கப்பா கெடுத்து வெச்சிருந்தாரு" என்றார்.

வண்டிக்குப் பழைய வெள்ளை பெயிண்ட்தான் அடிக்கப்போகிறோம். டாஷ்போர்டு ஃபேன் இருக்கட்டும் என்று பெரியம்மா சொல்லிவிட்டார். அதைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். கழற்றின மாட்டடார் எஞ்சின் ஷெட் வாசலில் கிடந்தது. போன வாரம் அதே பழைய இரும்புக்காரர் மோப்பம் பிடித்து அங்கேயே வந்துவிட்டார். நல்ல விலைதான் சொன்னார். நான் நோட்டை எடுத்து வரவுப் பக்கத்தில் எழுதப் போனேன்.

"அதை வீட்டுக்கு ஏத்தி அனுப்பச் சொல்லு" என்றார் பெரியம்மா. "இருந்த எஞ்சினைத்தான் வண்டிக்குள்ள போட்டுட்டீங்களே, கன்னுக்குட்டிய எதுல கட்டறது?"